தகப்பன் எந்த நாடு

1. திரும்பி வந்த தாள்

டைப் அடிக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று இந்த ஊரில் இருக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

யாங்கோனில் பன்சோடான் தெருப் பக்கம் மாடிப்படிகளுக்கு அடியிலும் முதல் மாடி அறைகளிலும் எங்களைப் போன்ற கடைகள் இருக்கின்றன. மனு, சத்தியக் கடிதம், பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, பர்மிய மொழியிலிருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்ப்பு, நோட்டரி கையெழுத்து வாங்கித் தருவது. இவ்வளவுதான் தொழில். முப்பத்து நான்கு வருடமாகச் செய்கிறேன். முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர். இப்போது கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது வேலை. என் வீடு இருக்கும் தாமுவேயிலிருந்து காலை ஆறரைக்கே பஸ் பிடித்து வந்தால்தான் கரண்ட் போவதற்குள் நாலைந்து தாளாவது முடியும்.

கடை முதலாளி சேகர். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவன் அப்பா காலத்திலேயே நான் வேலைக்குச் சேர்ந்தவள். அதனால் அவன் என்னை ரோஸிக்கா என்பான், நான் அவனைச் சேகரு என்பேன். பர்மியக் கஸ்டமர்களுக்கு நான் டோ ரோஸி, அதாவது ரோஸியம்மா.

சென்ற மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு காலை நஸ்ரின் படியேறி வந்தாள். இடுப்பில் ஆறு மாதப் பெண் குழந்தை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். மூச்சு வாங்கியது. ஃபைலை என் மேசையில் வைத்தாள்.

“ஆன்ட்டி, திருப்பி அனுப்பிட்டாங்க.”

“எத?”

“நீங்க அடிச்சதத்தான்.”

நான் அடித்த தாள் திரும்பி வருவது அபூர்வம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வாங்கிப் பார்த்தேன். மலேசிய விசா கவுன்டரில் யாரோ சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு வார்த்தைக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள். கூடவே ஒரு துண்டுத் தாள். தகப்பனின் நாடு எங்கள் பதிவோடு ஒத்துப்போகவில்லை, சத்தியக் கடிதத்தில் தவறான விவரம் இருக்கிறது, விளக்கம் வேண்டும் என்று இருந்தது.

கோடு போட்டிருந்த வார்த்தை ஜோர்டான். அதை அடித்தவள் நான்தான். தெரிந்தேதான் அடித்தேன்.

2. கேள்வி வராத பேப்பர்

நஸ்ரின் இந்த ஊரின் லத்தா பகுதியில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிற தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். கணக்கியல் படிக்க மலேசியா போனாள், அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள், அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த சமீரைக் கல்யாணம் செய்துகொண்டாள். சமீர் பாலஸ்தீனத்துக்காரன். நாப்லஸ் ஊர். பிரசவத்துக்கு நஸ்ரின் தாய் வீட்டுக்கு வந்தாள். லைலா பிறந்தாள். இனி குழந்தையோடு புருஷனிடம் திரும்பிப் போக வேண்டும். அதற்குக் குழந்தைக்கும் மலேசியாவில் தங்குவதற்கான பாஸ் எடுக்க வேண்டும். வருட முடிவுக்குள் தாயும் பிள்ளையும் அங்கே போய் இறங்காவிட்டால் நஸ்ரினின் பாஸும் செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இங்கே மறுபடி ஆரம்பிக்கிற காரியம் எதுவும் முடிவதில்லை. நாட்டை விட்டு வெளியே போகிற வாசலை எந்த வாரம் சாத்துவார்கள், யாருக்குச் சாத்துவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் இருந்தது. நாடு எழுதும் இடத்தில் நர்ஸ் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். அதற்கு ஒரு சத்தியக் கடிதம் தயாரித்து, அதை வைத்து டவுன்ஷிப் இமிக்ரேஷனில் ஒரு சான்று வாங்கி, இரண்டையும் மொழிபெயர்த்து விசா கவுன்டரில் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் எங்களிடம் முதல் தடவை வந்தாள்.

சமீரின் இரண்டு பாஸ்போர்ட் நகல்களை மேசையில் வைத்தாள். ஒன்று பாலஸ்தீனப் பாஸ்போர்ட். இன்னொன்று ஜோர்டான் கொடுத்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் பயணம் போவதற்காக அப்படி ஒரு புத்தகம் கொடுப்பார்களாம். அட்டை ஜோர்டான் அட்டைதான். ஆனால் அதை வைத்திருப்பவன் ஜோர்டான் குடிமகன் ஆகிவிடமாட்டான். இதை அவள் அன்றைக்கே சொன்னாள். நான் பாதிதான் காதில் வாங்கினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆளுக்கு இரண்டு பேப்பர் இருந்தால், கவுன்டரில் எந்தப் பேப்பருக்குக் கேள்வி வராதோ அதை வைத்து அடிப்போம். பெயர் மவுங் மின் என்று ஒன்றிலும் முனியாண்டி என்று ஒன்றிலும் இருந்தால் மவுங் மின்னைத்தான் மேலே வைப்போம். அது உண்மையா, ஆளுக்குப் பிடிக்குமா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கஸ்டமரின் வேலை முடிய வேண்டும், எங்கள் தாள் திரும்பி வரக்கூடாது. அந்த வழக்கத்தில்தான் முப்பத்து நான்கு வருடம் ஓட்டினேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அரசாங்க ஃபாரங்களில் எப்படி எழுதுகிறார்களோ அதே எழுத்தில், சேகரின் அப்பா சேர்த்து வைத்தது. தேடினேன். பாலஸ்தீனம் இல்லை. நாங்கள் இருக்கிற இந்த நாடு அதை இன்னும் நாடாக அங்கீகரிக்கவில்லை. ஜோர்டான் இருந்தது.

“ஜோர்டான் போட்டுடறேன்.”

“ஆன்ட்டி, அவரு ஜோர்டான் இல்ல. பலஸ்தீன்.”

“லிஸ்ட்ல இல்லம்மா.”

“லிஸ்ட்ல இல்லன்னா? ஆளு இருக்காரே.”

“ஆளு இருக்காரு. கட்டத்துல எழுத நாடு இல்ல. உனக்கு வேல சீக்கிரம் முடியணுமா, இல்ல நியாயம் பேசணுமா?”

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். “முடியணும்” என்றாள்.

“அப்பக் கையெழுத்துப் போடு.”

போட்டாள். கண்ணை என் பக்கம் திருப்பவில்லை. அன்றைக்கு அதை நான் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

மலேசியா பாலஸ்தீனத்தை நாடாக ஏற்றுக்கொண்ட தேசம். அவர்கள் பதிவில் சமீர் பாலஸ்தீனன். நான் அடித்த தாளில் அவன் ஜோர்டான்காரன். கவுன்டரில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கோடு போட்டார்கள். தப்பு அவர்களுடையது இல்லை.

3. “நான் மூணு ஆளு”

தாள் திரும்பிய அன்று நஸ்ரின் கடையில் உட்கார்ந்தே சமீருக்குப் போன் போட்டாள். லைன் விட்டு விட்டு வந்தது. நான் வாங்கிப் பேசினேன். எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். அவனுக்கு வேறு மாதிரி இங்கிலீஷ். எப்படியோ பேசிக்கொண்டோம்.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். முதலில் சிரித்தான்.

“பரவாயில்ல மேடம். மலேசியாவுல நான் பாலஸ்தீனன். உங்க ஊர்ல ஜோர்டான்காரன். சில ஏர்போர்ட்டுல நான் யாருமே இல்ல. நான் மூணு ஆளு. மூணு பேருக்கும் ஒரே பொண்டாட்டி. அவ பாவம்.”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். “என் மகள் காகிதத்துல நான் எந்த ஆளு?”

போனை நஸ்ரினிடம் கொடுத்துவிட்டேன்.

4. நான் வாயைத் திறக்காத நாள்

மறுநாள் நானும் நஸ்ரினும் குழந்தையோடு டவுன்ஷிப் இமிக்ரேஷனுக்குப் போனோம். சத்தியக் கடிதத்தைத் திருத்தினால் போதாது. அதை நம்பி அவர்கள் கொடுத்த சான்றிலும் ஜோர்டான் என்றுதான் இருந்தது. அதையும் மாற்ற வேண்டும்.

அங்கே ஒரு அம்மா அதிகாரி. நாற்பது வயதிருக்கும். அவரை எல்லோரும் சயாமா, அதாவது டீச்சரம்மா, என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. நடந்த பேச்சு பர்மிய மொழியில். நான் தமிழில் எழுதுகிறேன்.

தாளைப் படித்தார். நஸ்ரினைப் பார்த்தார்.

“புருஷன் எந்த நாடு?”

“பாலஸ்தீனம், சயாமா.”

“அப்புறம் ஏன் ஜோர்டான்னு சத்தியம் பண்ணீங்க?”

நஸ்ரின் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள்.

“பட்டியல்ல பாலஸ்தீனம் இல்ல. இல்லாத நாட்ட நான் எழுத முடியாது. எழுதினா நாளைக்கு என்னக் கூப்பிட்டுக் கேப்பாங்க. வேணும்னா ஒண்ணு செய்யலாம். நாடற்றவர்னு போடறேன்.”

“வேணாம் சயாமா.” நஸ்ரினின் குரல் சட்டென்று உயர்ந்தது. “அவருக்கு நாடு இருக்கு. மலேசியாவுல எழுதியிருக்காங்க. நாடற்றவர்னு போட்டா அதுவும் ஒத்துப்போகாது. மறுபடி திருப்பிடுவாங்க.”

அதிகாரி பேனாவை மூடினார். “தங்கச்சி, சத்தம் போடாதீங்க. பொய்ச் சத்தியத்துக்கு ஒரு சட்டப் பிரிவு இருக்கு, தெரியுமா? கையெழுத்துப் போட்டது நீங்க. நீங்கதான் பதில் சொல்லணும்.” பிறகு என்னைப் பார்த்தார். “இத யார் அடிச்சது?”

நான் பேசாமல் இருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். என் பையில் இருக்கும் அடையாள அட்டை பச்சை. முழுக் குடிமக்களுக்கு ரோஸ் நிற அட்டை. என்னைப் போல விண்ணப்பம் போட்டுக் குடிமகளாக ஆக்கப்பட்டவர்களுக்குப் பச்சை. நான் பிறந்தது இந்த ஊரில். என் அப்பா பிறந்ததும் இந்த ஊரில். மிஷன் பள்ளியில் படித்துத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், இந்திய வம்சம் என்பதால் வெளிநாட்டவர் பதிவு அட்டையோடுதான் செத்தார். வருடா வருடம் அதைப் புதுப்பிக்க வரிசையில் நின்றார். என் பெயர்கூட என் அட்டையில் ஒரு கிளார்க் தன் இஷ்டத்துக்கு எழுதின எழுத்தில்தான் இருக்கிறது. பச்சை அட்டையைக் கொடுத்தவர்களால் திருப்பி வாங்கவும் முடியும். அதிகாரி முன்னால், ஒரு பொய்ச் சத்தியத்தை நான்தான் அடித்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. “தெரியல சயாமா, பன்சோடான்ல ஒரு கடை” என்றாள்.

அதிகாரிக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அடுத்த வாரம் வாங்க” என்று ஃபைலைத் தள்ளினார்.

பஸ்ஸில் குழந்தை என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. எடுக்க மனசு வரவில்லை.

5. சேகரோடு சண்டை

அந்த வாரம் முழுக்கச் சேகரும் நானும் சண்டை போட்டோம். அந்த மாதங்களில்தான், இத்தனை காலம் யோசித்துக்கொண்டிருந்த பெரிய நாடுகள் சில, பாலஸ்தீனத்தை அங்கீகரிக்கிறோம் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லியிருந்தன. இங்கே தடுத்து வைத்திருக்கிற செய்திகளைச் சேகர் வி.பி.என். போட்டுப் பார்ப்பான். பார்த்துவிட்டு என்னிடம் வந்து அளப்பான்.

“எல்லாம் வேஷம் ரோஸிக்கா. அங்கீகாரம்னு ஒரு பேப்பர். அதக் கொடுத்தா குண்டு நின்னுடுமா?”

“நிக்காது.”

“அப்புறம் எதுக்கு?”

“நீ பிறப்புச் சான்று அடிச்சுக் கொடுக்கறியே, அது சோறு போடுமா? அப்புறம் எதுக்கு உன் கடை வாசல்ல ஜனம் நிக்குது?”

அவன் விடவில்லை. நியாயமாகவே சில கேள்விகள் கேட்டான். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒருத்தி மட்டும் பேசினதாக ஆகும்.

“எல்ல எதுன்னு முடிவாகல. ஒரு பக்கம் ஒரு கட்சி, இன்னொரு பக்கம் இன்னொரு கட்சி. யார் கையில என்ன இருக்குன்னே தெரியாத இடத்த எப்டி நாடுன்னு சொல்றது? மொதல்ல உக்காந்து பேசி முடிக்கட்டும். கடைசில அங்கீகாரம் கொடுக்கலாம்.”

“சேகரு, நம்ம நாட்டுல எந்த ஊர் இன்னிக்கு யார் கையில இருக்கு, சொல்லு பாப்போம்.”

அவன் கதவைப் பார்த்தான். “அமலே! ஐயோ, மெதுவாப் பேசுங்க.”

“ஒரு ஊரு மட்டும் சொல்லு. வடக்க சொல்லு. மேற்க சொல்லு. உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஐ.நா. சபையில நம்ம நாற்காலில யார் உக்காரணும்னே சண்டை நடக்குது. ஆனா அந்த நாற்காலிய எடுத்துடுங்க, மியன்மான்னு ஒரு நாடே இல்லன்னு எவனாவது சொன்னானா?”

“ரோஸிக்கா, கீழ டீக்கடையில யார் யார் உக்காந்திருக்கான்னு தெரியாது. கொஞ்சம் மெதுவா.”

“நமக்கு ஒரு கணக்கு, அவனுக்கு ஒரு கணக்கா?”

சேகர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். “சரி. அங்கேருந்து ஒரு கூட்டம் இஸ்ரேலுக்குள்ள பூந்து ஜனங்களக் கொன்னாங்க, பொம்பள பிள்ளைன்னு பாக்காமப் புடிச்சிக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் நாடுன்னு கொடுத்தா அது பரிசு மாதிரி ஆயிடாதா? இஸ்ரேல்காரன் பயப்பட மாட்டானா?”

“பயப்படுவான். அந்த வீடுங்கள்ல விழுந்த எழவு எழவுதான். அதச் சின்னதுன்னு நான் சொல்லல. செஞ்சவனத் தேடிப் புடிச்சுத் தண்டிக்கட்டும். ஆனா ஒரு கூட்டம் செஞ்ச பாவத்துக்கு லைலாவோட அப்பன் பேருக்குப் பக்கத்துல எழுத ஒரு வார்த்த கிடைக்கக் கூடாதுன்னா, அது என்ன நியாயம்? நல்லவங்களா நடந்து காட்டு, அப்புறம் உன்ன மனுஷன்னு எழுதறேங்கறது இமிக்ரேஷன் பேச்சு. அத எங்கப்பா ஆயுசு பூராக் கேட்டாரு.”

“பேசி முடிக்கட்டும்னுதான நானும் சொல்றேன்.”

“எதிர்ல நாற்காலி போடாம யாரோட பேசறது?”

சேகர் பிரிண்டரில் தாளை நிரப்பினான். பிறகு, “உங்களுக்கு அந்தப் பொண்ணு பாவம். அதனால கோவம்” என்றான்.

அது பாதி உண்மை. மீதிப் பாதி என்மேல் எனக்கிருந்த கோபம். வாய் கிழிய நியாயம் பேசுகிற நான் அந்த அலுவலகத்தில் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். நஸ்ரினைப் பொய்ச் சத்தியக்காரியாக விட்டுவிட்டு வந்தேன்.

6. என் அட்டை எண்

எங்கள் தொழிலில் ஒரே ஆள் கடிதம் என்று ஒன்று உண்டு. மேலே சொன்ன மவுங் மின்னும் முனியாண்டியும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்து கொடுப்பது. பெயருக்குத்தான் இதுவரை அடித்திருக்கிறோம். நாட்டுக்கு யாரும் அடித்ததில்லை. நான் அடித்தேன். தாளில் எழுதினது இதுதான்: ஜோர்டான் கொடுத்த பயணப் புத்தகத்தை வைத்திருக்கும் சமீரும், பாலஸ்தீனப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சமீரும் ஒரே ஆள். அவர் பாலஸ்தீனர். முதல் கடிதத்தில் ஜோர்டான் என்று வந்தது மனுதாரர் சொல்லியும் கேட்காமல் டைப் அடித்தவர் செய்த தவறு.

கடைசி வரிக்கு அடியில் டைப் அடித்தவர் கையெழுத்து, பெயர், அட்டை எண் என்று மூன்று கோடு போட்டேன்.

சேகர் பிரிண்டரிலிருந்து தாளை எடுத்துப் படித்தான். முகம் மாறியது.

“ரோஸிக்கா, இது வேணாம்.”

“ஏன்?”

“பச்ச அட்ட நம்பரப் போய்ப் பொய்ச் சத்தியத் தாள்ல எழுதறீங்க. புது அட்ட மாத்தற நேரம் இது. கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்க. ஒரு தடவ பேரு மாட்டிச்சுன்னா?”

“அந்தப் பொண்ணு பேரு மாட்டியிருக்கே.”

“அவ சின்னப் பொண்ணு. எப்டியாவது சமாளிப்பா. உங்களுக்கு அறுவது ஆச்சு. எங்க போவீங்க?”

எங்கே போவேன் என்று எனக்கும் தெரியாது. அண்ணன் தம்பி எல்லோரும் எப்போதோ நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். நான் இங்கேயே தங்கினவள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அட்டை எண்ணை எழுதும்போது ஒரு எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். பல வருடமாக மனப்பாடமான என் சொந்த எண்.

“கடை பேரு மட்டும் வேணாம்” என்றான் சேகர். மெதுவாகச் சொன்னான்.

“கடை பேரு போடல. பயப்படாத.”

அவனுக்கு அவமானமாக இருந்திருக்கும். டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போனவன் நெடுநேரம் வரவில்லை.

7. குறிப்பு

அடுத்த வாரம் அதே அதிகாரி. நான் முன்னால் உட்கார்ந்தேன். நஸ்ரின் பின்னால் பெஞ்சில் குழந்தையோடு இருந்தாள்.

“சயாமா, போன வாரம் யார் அடிச்சதுன்னு கேட்டீங்க. நான்தான்.”

தாளை வாங்கினார். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே படித்தார். கையை நீட்டினார். நான் அட்டையைக் கொடுத்தேன். பச்சையைப் பார்த்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இத வெச்சிக்கிட்டா இதுல கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆமா.”

“சொந்தக்காரப் பொண்ணா?”

“இல்ல. கஸ்டமர்.”

“அப்புறம் ஏன்?”

“அவ உண்மையத்தான் சொன்னா. நான்தான் வேற அடிச்சேன்.”

அவர் எழுந்து உள்ளே போனார். என் அட்டையும் அவர் கையிலேயே போனது. அது பதினைந்து நிமிடமோ அரை மணியோ இருக்கும். நஸ்ரின் வந்து என் பக்கத்தில் நின்றாள். “யாபாதெ ஆன்ட்டி, பரவால்ல” என்று இரண்டு பாஷையிலும் சொன்னாள். நான் அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவள் எனக்குச் சொன்னாள். குழந்தை அதிகாரியின் மேசையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பைப் பிடிக்கக் கையை நீட்டியது.

“இவளுக்கு அவசரம். இவளே குத்திக்கப் பாக்கறா” என்றாள் நஸ்ரின். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

அதிகாரி திரும்பி வந்தார். என் அட்டையை நகல் எடுத்திருந்தார். நகல் ஃபைலில் போனது, அட்டை எனக்கு வந்தது. உட்கார்ந்து புதுச் சான்றை எழுதினார். தகப்பனின் நாடு என்ற கட்டத்தில், பட்டியலில் இல்லை, குறிப்பு பார்க்க என்று எழுதினார். கீழே குறிப்பு என்ற இடத்தில் சின்ன எழுத்தில், தந்தை பாலஸ்தீனர் என மனுதாரர் கூறுகிறார், இணைப்புக் கடிதம் காண்க என்று எழுதினார்.

“என்னால இவ்வளவுதான் முடியும்” என்றார். “கூறுகிறார்னு போட்டிருக்கேன். நான் சொன்னதா இருக்காது.”

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு தன்னால் முடிந்ததைச் செய்தார். ஆனால் எனக்குக் கோபம் தீரவில்லை. ஒரு தேசத்து ஜனங்கள் பரம்பரை பரம்பரையாக இருக்கிறார்கள். ஊர் இருக்கிறது, ஒலிவ மரம் இருக்கிறது, கல்லறை இருக்கிறது, பாஸ்போர்ட்கூட இருக்கிறது. அவர்களுக்கு இங்கே கிடைத்த இடம் குறிப்பில் ‘கூறுகிறார்’ என்கிற ஒரு வார்த்தை. அங்கீகாரம் வெறும் பேப்பர் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேப்பர் இருக்கிறவனுக்குத்தான் அது வெறும் பேப்பர்.

விசா கவுன்டரில் அந்தக் குறிப்பையும் ஒரே ஆள் கடிதத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டு நாள் பதில் இல்லை. தினம் காலை நஸ்ரின் போன் பண்ணுவாள், வந்துச்சா என்று நான் கேட்பேன், இல்ல ஆன்ட்டி என்பாள். இரண்டு பேரும் சும்மா லைனில் இருப்போம். பத்தொன்பதாம் நாள் அவள் பேசவே இல்லை, அழுதாள். தப்பாக எடுத்துக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் சொன்னாள், கிடைத்துவிட்டது என்று.

டிசம்பரில் போய்ச் சேர்ந்தார்கள். ஏர்போர்ட்டில் இங்கே அவளை ஒரு மணி நேரம் தனியாக உட்கார வைத்துத் தாள்களைப் பார்த்தார்களாம். பிறகு விட்டுவிட்டார்கள்.

8. கடைசியாக

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. கேள்வி வராத பேப்பரை மேலே வைக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் தன் நாடு எது என்று சொன்னால், அதை அடியுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் பட்டியல்தான் தப்பு. கேள்வி வரட்டும். பதில் சொல்லலாம். தாள் திரும்பி வந்தால் யார் செய்த தப்போ அவர் பெயரைப் போடுங்கள், உங்கள் தப்பானால் உங்கள் பெயரை.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. என் அட்டையின் நகல் ஒரு ஃபைலில் இருக்கிறது. இதை எழுதும் இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை. வார்டு ஆபீஸிலிருந்து யாராவது தெருவில் நடந்து வந்தால் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். என் வீட்டைத் தாண்டிப் போகும்வரை மூச்சு விடுவதில்லை.

இப்போதும் அங்கீகரிக்காத தேசங்கள் இருக்கின்றன, நான் இருக்கிற தேசமும் அதில் ஒன்று. நேரம் வரவில்லை, யோசிக்கிறோம், யார் கோபித்துக்கொள்வார்களோ பார்க்கிறோம் என்கிறார்கள். பயம் எனக்குப் புரியும். அதே பயத்தோடுதான் நானும் பேனாவை எடுத்தேன். நான் பச்சை அட்டை வைத்திருக்கிற, அறுபது வயதான, டைப் அடிக்கிற பொம்பளை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். படையும் பணமும் வைத்திருக்கிற நீங்கள் எதற்கு நடுங்குகிறீர்கள்?